இரண்டு முடிச்சுகள்

முதல் நாள்: கரூரிலிருந்து கும்பகோணம்

தஞ்சாவூரில் பஸ் மாறி உட்கார்ந்ததும் கண்டக்டர் வந்து "எத்தனை?" என்றார். "ரெண்டரை, கும்பகோணம்" என்று சொல்லிவிட்டேன். அவர் எங்கள் சீட்டைப் பார்த்தார், ஜன்னல் ஓரத்தைப் பார்த்தார், அரை டிக்கெட்டைத் தேடினார். அத்தைதான் பணத்தை நீட்டி, "ரெண்டு முழு டிக்கெட் குடுங்க தம்பி" என்றார்.

14 மாதம் ஆகிறது. வாய் இன்னும் பழைய கணக்கில்தான் இருக்கிறது. ஐந்து வயது முடிந்து அரை டிக்கெட் எடுக்க ஆரம்பித்தபோது என் பையனுக்கு அதில் ஒரே பெருமை. தன் டிக்கெட்டைத் தானே வைத்துக்கொள்வான். செக்கிங் யாராவது ஏறமாட்டார்களா என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எட்டிப் பார்ப்பான். ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய். எட்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம். அதற்கு மேல் அந்தக் கதையை இங்கே எழுதப்போவதில்லை.

இந்தப் பயணம் அத்தையுடையது. என் மாமியார், வயது 71. பேரன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மஞ்சள் துணியில் 11 ரூபாய் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டிருந்தார். ஒன்று நாகூர் ஆண்டவருக்கு, ஒன்று வேளாங்கண்ணி மாதாவுக்கு. நாங்கள் முருகனைக் கும்பிடுகிற வீடுதான். ஆனால் பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் மதம் பார்த்து முடிச்சுப் போடுவதில்லை. பூஜை அலமாரியில் அந்த இரண்டு முடிச்சும் விபூதித் தட்டுக்குப் பின்னால் கிடந்தன. போன மாதம் திடீரென்று, "அதைக் கொண்டுபோய்ச் சேத்துரணும்மா" என்றார்.

"எதுக்கு? நடக்கலையே அத்தை" என்றேன்.

"கடன் கடன்தானே" என்றார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

கணவரைக் கூப்பிட்டோம். லீவு இல்லை என்றார். லீவு இருந்தது.

ராத்திரி கும்பகோணத்தில் அத்தையின் சித்தி மகள் வீட்டில் தங்கினோம். நல்ல மனுஷி. டிகிரி காப்பி, தோசை, கடப்பா என்று அடுக்கிவிட்டார். சாப்பிட்டு முடிவதற்குள் வழக்கமான மூன்றும் வந்துவிட்டன. ஆண்டவன் கணக்கு யாருக்குத் தெரியும் என்பது ஒன்று. வயசு இருக்கு, இன்னொன்று பெத்துக்கோ என்பது இரண்டு. மூன்றாவது, பையன் சாமானையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடு, கண்ணில் படாமல் இருந்தால் மனசு ஆறும். எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் ஒரு பச்சை சைக்கிள் நிற்கிறது, பக்கச் சக்கரம் வைத்தது. அதைப் பற்றி எனக்கும் கணவருக்கும் இரண்டு தடவை சண்டையே வந்திருக்கிறது. கொடுத்துவிடலாம் என்பார், நான் கூடாது என்பேன். அடுத்த மாதம் நான் கொடுத்துவிடலாம் என்பேன், அவர் மாட்டேன் என்பார்.

தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்துபோய்விட்டேன்.

இரண்டாம் நாள்: கும்பகோணம், திருவாரூர்

காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஆட்டோவைப் பாலக்கரைப் பக்கம் விடச் சொன்னேன். 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத் தீயில் போன பிள்ளைகளுக்கு அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. 94 பேர். சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த நெருப்பு, மாடியில் ஓலைக் கூரை, இறங்க ஒரே குறுகலான படி. அந்தச் செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியிலும் இரண்டு வகுப்புக்கு ஓலைக் கூரைதான். அப்புறம் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக் கூரைகளைப் பிரித்தார்கள். எங்கள் வகுப்பைப் பிரித்த அன்று மரத்தடியில் உட்காரவைத்தார்கள் என்று சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் நெஞ்சு கூசுகிறது.

ஆட்டோக்காரர் ஊர்க்காரர். ஒவ்வொரு ஜூலையிலும் பெற்றோர்கள் படத்தை வைத்துப் பூப்போட்டு, சாயந்தரம் மகாமகக் குளத்தில் விளக்கேற்றுவார்கள் என்றார். "மொதல்ல ஓடி ஓடி அழுவாங்க. இப்ப நின்னு விளக்கேத்துறாங்க. அவங்களுக்கும் வயசாயிருச்சுல்ல" என்றார். வழக்கில் தீர்ப்பு வரவே 2014 ஆகிவிட்டது. பத்து வருடம் கோர்ட் வாசலில் நின்றவர்களுக்கு யாராவது "பொறுமையா இருங்க" என்று சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

திருவாரூர் வரை ரோட்டின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. தை மாசம், சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டைகளைப் போட்டுவிட்டு ஆட்கள் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். மழை வந்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறார்கள்.

தியாகராஜர் கோயிலுக்குச் சொல்வார்கள், கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று. கமலாலயத்தின் கரையில் நின்றால் எதிர்க்கரை ஆள் பொம்மை மாதிரித் தெரிகிறார். நான் பார்க்க வந்தது வெளியே இருக்கிற கல் தேரை. மனுநீதிச் சோழன் கதை மூன்றாம் வகுப்பிலேயே படித்ததுதான். இளவரசன் வீதிவிடங்கனின் தேர்க்காலில் கன்று விழுந்தது, தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது, ராஜா தன் மகனைத் தேர்க்காலில் போட்டான். அப்புறம் சிவபெருமான் வந்து கன்று, பிள்ளை, இடையில் உயிரை விட்ட மந்திரி எல்லாரையும் எழுப்பிக் கொடுத்தார்.

பள்ளியில் ராஜாவின் நீதியைப் பற்றித்தான் கட்டுரை எழுதச் சொல்வார்கள். எனக்கு இப்போது அந்தப் பசுவை விட்டு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. தெருவிலிருந்து அரண்மனை வரை அது நடந்து வந்திருக்கிறது. யாரும் அழைத்து வரவில்லை. மணிக்கயிறு எங்கே என்று அதற்கு எப்படித் தெரிந்தது? நானும் அப்படி ஒரு கயிற்றைத் தேடித்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அலைந்தேன்.

"கதையில எல்லாப் பிள்ளையும் திரும்பி வந்துருது, பாத்தீங்களா அத்தை" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.

அவர் கல் கன்றைத் தடவிக்கொண்டிருந்தார். "நாளைக்குத் திருச்செங்காட்டங்குடி போலாமா?" என்றார். அது எங்கள் திட்டத்தில் இல்லாத ஊர்.

மூன்றாம் நாள்: திருச்செங்காட்டங்குடி

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா என்று அத்தையிடமே கேட்டேன். "பேர் போடாம எழுது" என்றார்.

திருவாரூரில் கார் பிடித்துப் போனோம். திருப்புகலூர் பக்கம், வயலுக்கு நடுவில் சின்ன ஊர். சிறுத்தொண்டர் ஊர் இதுதான். முன்பு பரஞ்சோதி என்ற பெயரில் பல்லவர் படைக்குத் தளபதியாக வாதாபியை வென்றவர். அந்த வாதாபியிலிருந்து வந்தவர் என்று சொல்லப்படும் பிள்ளையாரும் இந்தக் கோயிலில் இருக்கிறார். யுத்தத்தை விட்டுவிட்டு வந்து அடியார்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த மனுஷனிடம் ஒருநாள் பைரவக் கோலத்தில் ஒரு சாமியார் வந்து பிள்ளைக்கறி கேட்கிறார். ஒரே பிள்ளையாக இருக்கணும், தாய் பிடிக்கத் தகப்பன் அரியணும், இரண்டு பேரும் மனம் கோணாமல் செய்யணும். பிள்ளை பெயர் சீராளன். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தார்கள்.

பெரியபுராணத்தில் இந்த இடத்தை நான் ஒரு தடவை படித்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். பக்தியின் உச்சம் என்று உரையாசிரியர்கள் எழுதட்டும். எனக்கு ஒப்பவில்லை, அவ்வளவுதான். சித்திரையில் இங்கே அமுது படையல் விழா பெரிதாக நடக்கும். நாங்கள் போன நேரம் கூட்டமே இல்லை. குருக்கள் தீபாராதனை காட்டிவிட்டு, "பிள்ளை வரம் கேட்டு நிறையப் பேர் வருவா" என்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெளியே வந்ததும் அத்தை வாசல் படியில் நின்றுவிட்டார். கதையில் அதற்கு அப்புறம் என்ன வரும் தெரியுமா என்று கேட்டார். தெரியும். இலை போட்டாகிவிட்டது. சாமியார், "உன் பிள்ளையோடு உட்கார்ந்தால்தான் சாப்பிடுவேன், கூப்பிடு" என்கிறார். அவன் இப்போது உதவமாட்டான் என்று தகப்பன் சொல்லியும் கேட்கவில்லை. கணவனும் மனைவியும் வாசலுக்கு வந்து, இல்லாத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

"அவ மனசு எப்படி இருந்திருக்கும்? அதை யாரும் எழுதலை" என்றார் அத்தை. அப்புறம் தெருவைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

சத்தமாக இல்லை. விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். என் பையன் பெயர் இல்லை அது. கல்யாணமாகி வந்த 12 வருடத்தில் அந்த வீட்டில் நான் கேட்டே இராத பெயர்.

தேரடித் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். என் கணவருக்கு முன்னால் ஒரு பையன். 1979-ல், இரண்டரை வயதில், மணல்வாரி அம்மை கண்டு, அப்புறம் சளி கட்டி மூன்றே நாளில் போய்விட்டான். சின்னப் பிள்ளை என்பதால் புதைத்தார்கள். பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று விட்டுவிட்டுப் போனார்கள். ஆற்றங்கரையில் எந்த இடம் என்று மாமாவிடம் கேட்டாராம். அவர் கடைசிவரை சொல்லவில்லை. "சொன்னா நான் போய் உக்காந்துருவேன்னு பயம் அந்த மனுசனுக்கு." அடுத்த வருடம் என் கணவர் பிறந்தார். பெரியவன் பெயரை எடுக்கக் கூடாது, சின்னவனுக்கு ஆகாது என்று அத்தையின் மாமியார் சொல்லிவிட்டாராம். 45 வருடத்துக்கு மேல் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

"மனசுக்குள்ள சொல்லுவீங்களா?"

"தினமும். அரிசி களையறப்ப."

நான் என் பையனைக் கொண்டுபோன அன்று கூடவே போனேன். யாரும் தடுக்கவில்லை. ஒருவர் தடுக்க வந்ததையும் அத்தைதான் "அவ போகட்டும்" என்று சொல்லி நிறுத்தினார். அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

நான்காம் நாள்: நாகூர், நாகப்பட்டினம்

நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாபசிங் கட்டிக் கொடுத்தது. புறாக்கள் அதன் மாடங்களை எடுத்துக்கொண்டுவிட்டன. உள்ளே சாம்பிராணி, ரோஜாப்பூ, மொட்டை போட்ட தலைகளின் சந்தன வாசனை. வெள்ளித் தகட்டில் கண், கால், கப்பல், தொட்டில் என்று விற்கிறார்கள்.

அத்தை முதல் முடிச்சை உண்டியலில் போட்டார். பக்கத்தில் ஓதிக்கொண்டிருந்த பெரியவர் யாருக்கு வேண்டுதல் என்று கேட்டார். பேரனுக்கு என்றார் அத்தை. குணமாயிருச்சா என்றார். இல்லை, தவறிட்டான் என்றார். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மயிலிறகால் எங்கள் தலையைத் தடவிவிட்டு, "சபுர் செய்ங்கம்மா" என்றார்.

இந்த வார்த்தையிலேயே இன்றைக்கெல்லாம் மனசு நிற்கிறது. நாம் "பொறுமையா இரு" என்கிறோம். அவர்கள் சபுர் "செய்" என்கிறார்கள். இரு என்றால் எனக்கு வாயை மூடிக்கொண்டு இரு என்றுதான் காதில் விழுகிறது. செய் என்றால் அது ஒரு வேலை. காலையில் எழுந்து செய்யணும், இன்றைக்குச் சரியாக வராவிட்டால் நாளைக்குத் திரும்பச் செய்யணும். நம்முடைய பொறுமையும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கும் போல. பொறுப்பது என்றால் சுமப்பதுதானே. பொறுப்பும் அதே வேரிலிருந்து வந்ததுதான். எங்கேயோ வழியில் அதை உட்கார்ந்திருக்கிற வேலையாக மாற்றிவிட்டோம். அத்தை அரிசி களைகிறபோது செய்ததை வேறு எந்தப் பெயரில் சொல்வது?

மத்தியானம் அக்கரைப்பேட்டை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் கடலுக்கு நேர் முகத்தில் இருந்த ஊர்கள். அந்தக் காலையில் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு தம்பதி, அப்பா அம்மா இல்லாமல் நின்ற பிள்ளைகளைத் தங்கள் வீட்டிலேயே சேர்த்து வளர்த்தார்கள். அந்த இல்லத்துக்கு நம்பிக்கை என்று பெயர் வைத்தார்கள். நான் படித்துத் தெரிந்துகொண்டதுதான். போய்ப் பார்க்க நினைத்திருந்தேன், அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒருவர் துக்கத்தைப் பார்க்க டிக்கெட் எடுத்து வருகிற மாதிரி ஆகிவிடும்.

கருவாடு வாங்க நின்ற இடத்தில் தானாகவே ஒரு பேச்சு ஆரம்பித்தது. நெத்திலியும் வாளையும் காயவைத்திருந்த அக்கா, ஐம்பதைத் தொட்டிருப்பார். அத்தை விலை கேட்டார், அவர் ஊர் கேட்டார், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னோம். கையிலிருந்த தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அவருக்கு இரண்டு பேர், எட்டும் ஐந்தும். இரண்டும் ஒரே நேரத்தில். ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருந்தார். அந்த வருடம் இந்தக் கரையில் இப்படி நின்ற தாய்மார்கள் பல பேர். கட்டிய குழாயைத் திரும்பச் சேர்க்கிற ஆபரேஷனை அரசாங்கமே இலவசமாகச் செய்து கொடுத்தது. இவரும் செய்துகொண்டார். எல்லாருக்கும் பிள்ளை நிற்கவில்லை, இவருக்கு நின்றது. 2006-ல் ஒரு பெண். இப்போது நர்சிங் படிக்கிறாள்.

"அது பொறந்தப்ப ஊரே சொல்லுச்சு, போனது திரும்பி வந்துருச்சுன்னு. எனக்கு அதுல கோவம். போனது போனதுதான்க்கா. இது வேற ஆளு. இதுக்கு வேற மூஞ்சி, வேற கொணம். மீனே திங்காது, பாத்துக்க."

மீன் தின்னாத மகளைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். அரைக் கிலோ நெத்திலிக்குக் காசு வாங்கினார், மேலே ஒரு கை அள்ளிப் போட்டார். கிளம்பும்போது என் வயிற்றைப் பார்த்து ஒன்றும் சொல்லாத முதல் ஆள் அவர்தான்.

ராத்திரி லாட்ஜ் முழுக்கக் கருவாட்டு வாசனை. ரூம் பையன் முகத்தைச் சுளித்துவிட்டுப் போனான்.

ஐந்தாம் நாள்: வேளாங்கண்ணி

இது திருவிழா இல்லாத நாள். ஆகஸ்ட் 29-ல் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை இங்கே நிற்க இடம் இருக்காது. இன்றைக்கு மணல் பாதையில் பத்துப் பேர் முட்டி போட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு அப்பா நகர, கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில் ஒரு குட்டிப் பெண், ஐஸ் சாப்பிட்டுக்கொண்டு. சுனாமி அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடற்கரை முழுக்க வெளியூர் ஜனங்கள். பெயர் தெரியாமலே புதைக்கப்பட்டவர்கள் பல பேர். அவர்களுடைய நினைவிடத்தில் அத்தை ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். ஆற்றங்கரையில் எந்த இடம் என்று தெரியாத பிள்ளைக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை.

உண்டியல் பக்கம் போனதும் இரண்டாவது முடிச்சை என் கையில் கொடுத்தார். "இதை நீதான் போடணும்."

கையில் வாங்கியதும் கனமாக இருந்தது. 11 ரூபாய்க்கு ஒரு பத்து ரூபாய்க் காசு, ஒரு ஒரு ரூபாய்க் காசு. துணிக்கு மேலே தடவினால் மூன்று காசு.

"அவன் போட்டது. முடிச்சுப் போடறப்ப என்ன பாட்டின்னு கேட்டான். சொன்னேன். நானும் வேண்டிக்கிறேன்னு தலகாணிக்கு அடியில இருந்து ரெண்டு ரூபா எடுத்துக் குடுத்தான்."

"உடம்பு சரியாகணும்னா?"

"அதெல்லாம் நீ வேண்டிக்கிட்டல்ல பாட்டி, நான் வேற கேக்குறேன்னான். பச்சை சைக்கிள் வேணும்னு வேண்டிக்கிட்டான்."

நடுவில் ஒரு தடவை கவுண்ட் ஏறி மூன்று வாரம் வீட்டுக்கு விட்டார்களே, அப்போது அவன் அப்பா வாங்கி வந்த சைக்கிள். 11 நாள் ஓட்டினான். போர்ட்டிகோவிலிருந்து கேட் வரை, கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை.

"அவன் கேட்டது நடந்துச்சு. அப்ப போட்டுத்தானே ஆகணும்?" என்றார் அத்தை.

துணி உண்டியல் வாயில் கொஞ்சம் சிக்கியது. விரலால் தள்ளினேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

கடற்கரைக்கு வந்து கணவருக்குப் போன் செய்தேன். போட்டாச்சா என்றார். போட்டாச்சு என்றேன். முடிச்சில் இருந்த மூன்றாவது காசைப் பற்றிச் சொன்னேன். வெகு நேரம் லைனில் மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. நானும் வைக்கவில்லை. அத்தை அலையில் கால் நனைத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்.

"சைக்கிளுக்குக் காத்து இல்லை. அடிச்சு வைங்க" என்றேன்.

எதற்கு என்று கேட்கவில்லை. "பம்பு எங்க இருக்கு?" என்றார்.

"பின்கட்டுல. அரிசி டிரம்முக்குப் பக்கத்துல."